மர்சேய்க்குப் போகாத பெட்டி

எங்கள் வீட்டு மாடி அறையில் பச்சை டிரங்குப் பெட்டி ஒன்று கிடக்கிறது. மூடியில் என் பெயரும், கீழே 'மர்சேய்' என்றும், ஓரத்தில் 'கல்' என்றும் பிரெஞ்சு எழுத்தில் வெள்ளைப் பெயிண்டால் எழுதியிருக்கும். அப்பாவின் கையெழுத்து. கல் என்றால் கப்பலின் அடித்தளச் சரக்கறை. பயணம் முடியும்வரை தொட வேண்டாத சாமான் அங்கே போகும். வழியில் தேவைப்படுவது காபின் பெட்டியில் இருக்க வேண்டும். அம்மாவுக்கு அந்த எழுத்தை வாசித்துக் காட்டியபோது, "பிள்ளை துணிமணி வைக்கிற பெட்டியிலே கல்லுன்னா எழுதுவாங்க?" என்று கோபித்துக்கொண்டாள்.

படிக்கப் பிரான்சுக்குப் போகிறவர்கள் கப்பலில் போன காலம் அது. நம் ஊர்ப் பழைய பாலம் 1952 புயலில் போய்விட்டது. பம்பாய்க்கோ கொழும்புக்கோ போய்த்தான் ஏற வேண்டும். மெசாஜெரி மரித்தீம் கம்பெனியின் வியட்நாம், கம்போஜ், லாவோஸ் என்ற மூன்று வெள்ளைக் கப்பல்களின் பெயர் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் மனப்பாடம்.

எதை எடுத்துப் போவது என்பதில்தான் பெரியவர்களே சறுக்கியிருக்கிறார்கள். காந்தி 1888 செப்டம்பர் 4 அன்று பம்பாயில் கப்பலேறினார். கப்பலில் கறுப்பு சூட் போட்டுக்கொண்டு, இறங்கும்போது போடவென்று வெள்ளை ஃபிளானல் உடையைப் பத்திரமாக வைத்திருந்தார். செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் இறங்கினால், வெள்ளை உடுத்தியவர் அவர் ஒருவரே. மாற்றிக்கொள்ளலாம் என்றால் பெட்டியும் சாவியும் ஏஜென்ட் கையில். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சாமான் வராது. அந்த வெட்கத்தை அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

ராமானுஜன் 1914 மார்ச் 17-ல் சென்னையிலிருந்து 'நெவாசா' கப்பலில் போனார். குடுமியை எடுத்தார்கள், கோட்டு மாட்டப் பழக்கினார்கள். கேம்பிரிட்ஜில் ஒருநாள் மகலனோபிஸ் போய் விசாரித்தால், இரவெல்லாம் குளிர், ஓவர்கோட்டையும் சால்வையையும் சுற்றிக்கொண்டு படுக்கிறேன் என்கிறார். கட்டிலில் கம்பளிகள் இருந்தன. ஆனால் மேல்விரிப்புக்கு அடியில் செருகி மடித்திருந்தன. அதற்குள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாகிவிடும். எத்தனை பேர் கூடி வழியனுப்பினார்கள்! இந்த ஒரு விஷயத்தைச் சொல்ல அவர்களில் யாருக்குத் தெரிந்திருக்கும்?

எங்களுக்குச் சொல்ல ஆள் இருந்தது. பெரியப்பா மகன் 1961-லேயே போனவர். கடிதத்தில் எழுதியிருந்தார்: கம்பளி அங்கேயே வாங்கலாம், இங்கே விற்பது அந்தக் குளிருக்குப் போதாது. சப்பாத்து புதிதாக எடுத்துவராதே, பழகியதாகக் கொண்டுவா. (சப்பாத்து போட்டுக் கோர்ட்டுக்குள் போகும் உரிமைக்காக 1873-ல் தொடங்கிய வழக்கைப் பாரிஸ்வரை கொண்டுபோய் ஜெயித்த பொன்னுத்தம்பிப் பிள்ளையின் ஊர்க்காரர்கள் நாம். சப்பாத்தில் விட்டுக்கொடுக்கலாமா?) கடைசி வரி, வடகம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. நம் வடகம்தான் பிரெஞ்சு சமையலில் 'வதுவான்' ஆயிற்று என்று இப்போது பேரப்பிள்ளைகள் சொல்கிறார்கள். அன்று அம்மா அதை எண்ணெய்த் தாளில் சுற்றி, போர்வைக்குள் வைத்து, போர்வையைக் கயிற்றால் கட்டினாள். சுக்கு, ஓமம், ஆறு வெள்ளைச் சட்டை, லித்ரே அகராதியின் சுருக்கப் பதிப்பு ஒன்று. 1967 மே மாதமே பெட்டி தயார். செப்டம்பரில் புறப்பாடு.

ஜூன் 5-ல் சண்டை மூண்டது. சூயஸ் கால்வாயை மூடிவிட்டார்கள். கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு, நன்னம்பிக்கை முனை வழியாகப் போக வேண்டிய நிலை. நாளும் கூடும், செலவும் கூடும். அப்பா இரண்டு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு, "கால்வாய் திறக்கட்டும், அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார். அக்டோபரில் அவருக்குக் கையும் காலும் விழுந்துவிட்டன. மறு வருஷம் நான் குமாஸ்தா வேலையில் சேர்ந்தேன். கால்வாய் திறந்தது 1975 ஜூனில். அதற்குள் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

சட்டைகளை ஆபீசுக்குப் போட்டுத் தேய்த்தேன். போர்வையை அப்பாவுக்குப் போர்த்தினோம். வடகத்தை அம்மா எப்போது எடுத்துச் சமைத்தாள் என்பதை மட்டும் நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

போன மாதம் பேத்தி லியோனுக்குப் படிக்கப் போனாள். விமானத்தில் இருபத்து மூன்று கிலோதான். தராசில் வைத்துப் பார்த்து, நாலைந்து தடவை எடுத்து எடுத்து வைத்தாள். கடைசியில் ஒரு கிலோ கூடியது. எதை எடுக்கலாம் தாத்தா என்று கேட்டாள். சுவெட்டரை எடு என்றேன்.