சுனாமி பெற்ற பெண்!

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் 'வேஸ்ட் துணி' மூட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். ஆயத்த ஆடை கம்பெனிகளில் வெட்டியது போக மிஞ்சுகிற துண்டுகள். கிலோ கணக்கில் விலை போய், கடைசியில் ஏதோ ஒரு லேத் பட்டறையில் கிரீஸ் துடைக்கும். 'இந்தக் கந்தலுக்கெல்லாம் ஒரு சரித்திரமா?' என்கிறீர்களா... இருக்கிறது!

1973, செப்டம்பர் 11. தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் ஆட்சியை ராணுவத் தளபதி பினோசே கைப்பற்றினார். 1990 வரை நீடித்த அந்தச் சர்வாதிகாரத்தில் கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களுமாக மூவாயிரம் பேருக்கு மேல். 'என் பிள்ளை எங்கே?' என்று கேட்கவே பயந்த காலம். தலைநகர் சாந்தியாகோவில் பெண்கள் ஒன்றுகூடி, ஊசியைக் கையில் எடுத்தார்கள். சாக்குத் துணிமீது துண்டுத் துணிகளை வைத்து, நடந்ததையெல்லாம் படமாகத் தைத்தார்கள். சிலர் காணாமல் போனவரின் சட்டையையே வெட்டிச் சேர்த்தார்கள். 'அர்ப்பியேரா' என்று அதற்குப் பெயர். கத்தோலிக்கத் திருச்சபையின் உதவியோடு அவை ரகசியமாக எல்லை தாண்டின. வாய் சொல்ல முடியாததைத் துணி சொன்னது!

சரி, நம் கடற்கரைக்கு வருவோம். 2004, டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி! தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய எட்டாயிரம் உயிர்கள் போயின. பிறகு அரிசி வந்தது, போர்வை வந்தது. எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்று கை நீட்ட வேண்டும். நேற்றுவரை மீன்கூடை சுமந்து, குடும்பத்தைத் தாங்கிய பெண்களுக்கு அது எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில். அங்கே 'உபாசனா' என்ற ஆடை வடிவமைப்புக் கூடத்தை நடத்தியவர் உமா பிரஜாபதி. 2005-ல் சுற்றுவட்டார மீனவ கிராமத்துப் பெண்களுக்கு அந்தக் கூடம் ஒரு வேலை கொடுத்தது. மூலப்பொருள்? அதே மிச்சத் துணிதான்! பத்துப் பேர் ஒன்றாக உட்கார்ந்து கைவேலை செய்தால் பேச்சு தானாக வரும். பேச்சு வந்தால் அழுகை வரும். அப்புறம் எப்போதாவது சிரிப்பும் வரும். அப்படித்தான் விரல் நீளம்கூட இல்லாத ஒரு குட்டிப் பொம்மை பிறந்தது. பெயர், 'சுனாமிகா'. பறித்துக்கொண்டு போன அலையின் பெயரையே பெண் குழந்தைக்கு வைத்த மாதிரி!

அதைவிட ஆச்சரியம், பொம்மைக்கு விலை கிடையாது. சும்மா கொடுத்தார்கள். மனமிருப்பவர்கள் நன்கொடை தரலாம். அதிலிருந்து பெண்களுக்குக் கூலி. லட்சக்கணக்கான சுனாமிகாக்கள் இப்படி உலகமெங்கும் போயின.

ஒரு பொம்மை, போன பிள்ளையைத் திருப்பித் தந்துவிடாது. அந்தத் தாய்மார்களுக்கும் அது தெரியும். ஆனால் நிவாரண வரிசையில் நீண்ட கை, ஊர் உலகத்துக்கே பரிசு கொடுக்கிற கையாக மாறியதே, அது சின்ன விஷயமா?

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பாட்டியின் கிழிந்த சேலை ஒன்று இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு உட்கார்ந்து அதை வெட்டித் தைத்துப் பாருங்களேன். பாட்டியைப் பற்றி நீங்கள் இதுவரை சொல்லாததெல்லாம் வெளியே வரும்!