டார்வின் காணாமல்போன பாடநூல்கள்

1921இல் அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்காக ட்ரூமன் மூன் எழுதிய உயிரியல் பாடநூல் ஒன்று வெளியானது. அட்டையைத் திருப்பியதும் சார்லஸ் டார்வினின் படம். 1926இல் அதே நூலின் புதிய பதிப்பு வந்தபோது டார்வினைக் காணவில்லை. அவர் இருந்த பக்கத்தில் சீரண மண்டலத்தின் படம் அச்சாகியிருந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பரிணாமக் கோட்பாட்டைப் பொய்யாக்கும் கண்டுபிடிப்பு எதுவும் நிகழவில்லை. நடந்தது ஒரு வழக்கு.

டென்னசி மாகாணச் சட்டமன்றத்தில் ஜான் பட்லர் என்றொரு உறுப்பினர் இருந்தார். தொழிலால் விவசாயி. அவர் கொண்டுவந்த மசோதாவில் ஆளுநர் ஆஸ்டின் பே 1925 மார்ச் 21 அன்று கையெழுத்திட்டார். அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும், விவிலியம் சொல்லும் படைப்பை மறுத்து, மனிதன் கீழ்நிலை விலங்குகளிலிருந்து வந்தவன் என்று கற்பித்தால் 100 முதல் 500 டாலர் வரை அபராதம் என்றது அந்தச் சட்டம்.

இந்தக் கோபம் திடீரென்று கிளம்பியதல்ல. 1890இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் படித்தவர்கள் சுமார் 2 லட்சம் பேர். 1920இல் அந்த எண்ணிக்கை 20 லட்சத்தை நெருங்கிவிட்டது. அதுவரை பல்கலைக்கழகங்களுக்குள் பேசப்பட்ட டார்வின், பாடநூல் வழியாகக் கிராமத்து வீடுகளுக்குள் நுழைந்தார். தங்கள் வரிப்பணத்திலேயே தங்கள் நம்பிக்கை குலைக்கப்படுகிறது என்று பெற்றோர் பலர் அஞ்சினார்கள்.

சட்டத்தை எதிர்த்து வழக்காட முன்வரும் ஆசிரியருக்கு உதவுவதாக அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் நாளிதழில் அறிவித்தது. டேட்டன் என்ற சிற்றூரில், நலிந்துபோன சுரங்க நிறுவனம் ஒன்றை நிர்வகித்துவந்த ஜார்ஜ் ராப்லேயா அந்தச் செய்தியைப் படித்தார். ஊரின் மக்கள்தொகை சுமார் 1,800. இப்படியொரு வழக்கு நடந்தால் தேசமே டேட்டனைத் திரும்பிப் பார்க்கும், வியாபாரமும் பெருகும் என்று அவர் கணக்குப் போட்டார். மே 5 அன்று ராபின்சனின் மருந்துக்கடையில் ஊர்ப் பிரமுகர்கள் கூடினார்கள். டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்த 24 வயது ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸ் அங்கே அழைத்துவரப்பட்டார். கால்பந்துப் பயிற்சியாளரான அவர், உயிரியல் ஆசிரியர் விடுப்பில் இருந்தபோது மட்டும் அந்த வகுப்பைப் பார்த்துக்கொண்டவர்.

மருந்துக்கடைக்காரர் ராபின்சன்தான் பள்ளி வாரியத்தின் தலைவர். பாடநூல் விற்பனையும் அதே கடையில்தான். அலமாரியிலிருந்து ஜார்ஜ் ஹன்டர் எழுதிய உயிரியல் நூலை எடுத்துப் பார்த்தார்கள். மாகாண அரசே அங்கீகரித்த அந்த நூலில் பரிணாமம் இருந்தது. அரசு கொடுத்த புத்தகத்தை நடத்தினால் அரசு போட்ட சட்டத்தை மீறியாக வேண்டும் என்பதுதான் அன்று டென்னசி ஆசிரியரின் நிலை. வழக்குக்கு ஸ்கோப்ஸ் சம்மதித்தார்.

ஜூலை 10 அன்று விசாரணை தொடங்கியது. அரசுத் தரப்பில் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன்: மூன்று முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்றவர், முன்னாள் வெளியுறவு அமைச்சர். ஸ்கோப்ஸின் தரப்பில் கிளாரன்ஸ் டாரோ, நாட்டின் புகழ்பெற்ற குற்றவியல் வழக்கறிஞர். சிகாகோ வானொலி நிலையம் ஒன்று விசாரணையை நேரடியாக ஒலிபரப்பியது. வீதிகளில் சிம்பன்சிகளைக் காட்சிக்கு வைத்தார்கள்.

பிரையனைப் பழமைவாதி என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடக் கூடாது. பரிணாமத்தின் பெயரால் எழுந்த வலியது வெல்லும் என்ற முழக்கத்தை முதல் உலகப் போரின் குருதியோடு இணைத்துப் பார்த்தவர் அவர். ஏழைகளின் மீது அது பாயும் என்றும் அஞ்சினார். அதற்கு ஆதாரம் ஹன்டரின் நூலிலேயே இருந்தது. மனிதர்களை ஐந்து இனங்களாகப் பிரித்து வெள்ளையரை உச்சியில் வைத்த நூல் அது. பலவீனமான குடும்பங்கள் பெருகாமல் தடுக்க வேண்டும் என்று பேசும் இனமேம்பாட்டு வாதமும் அதில் இருந்தது. பரிணாமம் உண்மை, அதன் தோளில் ஏறி வந்த இனவெறி பொய். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் வேலை அறிவியல் வகுப்புக்கு உரியது. டேட்டன் நீதிமன்றத்திலோ அறிவியலுக்கே இடம் கிடைக்கவில்லை. விலங்கியலாளர் மேனார்டு மெட்காஃபின் சாட்சியம் ஜூரிகளை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பதிவானது. மற்ற அறிஞர்களின் சாட்சியமும் ஜூரிகளின் காதுக்குப் போகவில்லை.

ஜூலை 20 அன்று வெயில் தாளாமலும், கூட்டத்தின் பாரத்தில் தளம் இடிந்துவிடுமோ என்ற அச்சத்தாலும், விசாரணையை நீதிமன்றத்துக்கு வெளியே புல்வெளிக்கு மாற்றினார்கள். அங்கே பிரையனையே சாட்சியாக அழைத்தார் டாரோ. விவிலியத்தில் யோனாவை விழுங்கிய மீன், யோசுவா நிறுத்திய சூரியன், உலகின் வயது என்று சுமார் இரண்டு மணி நேரம் கேள்விகள் நீண்டன. படைப்பின் ஆறு நாள்கள் இருபத்து நான்கு மணி நேர நாள்களாக இருக்க வேண்டியதில்லை என்று பிரையனே ஒப்புக்கொண்டார். மறுநாள் நீதிபதி அந்தச் சாட்சியத்தைப் பதிவிலிருந்து நீக்கினார். ஜூரிகள் ஒன்பதே நிமிடங்களில் ஸ்கோப்ஸைக் குற்றவாளி என்றார்கள். அபராதம் 100 டாலர். ஐந்து நாள்கள் கழித்து டேட்டனிலேயே பிரையன் காலமானார்.

50 டாலருக்கு மேற்பட்ட அபராதத்தை ஜூரிகள்தான் விதிக்க முடியும், நீதிபதி விதித்தது செல்லாது என்று சொல்லி 1927இல் மாகாண உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. மேல்முறையீட்டுக்கு வழியில்லாமல் போனது; சட்டம் நிலைத்தது. 1926இல் மிசிசிப்பியும், 1928இல் மக்கள் வாக்கெடுப்பின் வழியாக ஆர்கன்சாவும் தடைச் சட்டம் கொண்டுவந்தன.

பதிப்பகங்களோ எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்கவில்லை. தென்மாகாணங்களின் சந்தையை இழக்க விரும்பாமல் அவை தாமாகவே பரிணாமத்தைச் சுருக்கின, மழுப்பின, பல இடங்களில் நீக்கின. டார்வின் படம் போனதும் அப்போதுதான். 1942இல் வெளியான ஓர் ஆய்வின்படி, உயர்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியர்களில் பாதிக்கும் குறைவானவர்களே பரிணாமத்தைக் கற்பித்தார்கள். டாரோ வென்றார் என்று நாடகங்களும் திரைப்படங்களும் கொண்டாடிய காலம் முழுவதும் வகுப்பறையில் பிரையனே வென்றிருந்தார். தடைச் சட்டமே இல்லாத மாகாணங்களின் பிள்ளைகளும் அதே மழுப்பல் நூல்களைத்தான் படித்தார்கள்.

நிலைமையை மாற்றியது ஒரு சோவியத் செயற்கைக்கோள். 1957இல் ஸ்புட்னிக் பறந்ததும், அறிவியல் கல்வியில் பின்தங்கிவிட்டோம் என்று அமெரிக்கா பதறியது. டார்வின் இல்லாத நூறு ஆண்டுகள் போதும் என்று நோபல் பரிசு பெற்ற மரபியலாளர் ஹெர்மன் முல்லர் 1959இல் முழங்கினார். அரசு நிதியுடன் உயிரியலாளர்கள் சேர்ந்து எழுதிய புதிய பாடநூல்கள் 1963இல் வெளியாயின. பரிணாமமே அவற்றின் முதுகெலும்பு.

1965இல் ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரப் பள்ளிக்குப் பரிணாமம் அடங்கிய புதிய பாடநூல் வந்தது. 1928ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதும் உயிரோடு இருந்தது. நடத்தினால் குற்றம், நடத்தாவிட்டால் கடமை தவறுதல். ஆசிரியை சூசன் எப்பர்சன் நீதிமன்றம் போனார். 1967இல் டென்னசி தன் சட்டத்தைத் தானே திரும்பப் பெற்றது. 1968இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆர்கன்சா சட்டத்தைச் செல்லாது என்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஏப் ஃபோர்டஸ், டேட்டன் வழக்கின்போது டென்னசியின் மெம்ஃபிஸ் நகரில் 15 வயதுச் சிறுவனாக இருந்தவர்.

தடுக்க முடியாது என்றானதும், படைப்புவாதத்துக்கும் சம நேரம் கொடு என்ற கோரிக்கை எழுந்தது. லூசியானாவின் அத்தகைய சட்டத்தை 1987இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. பிறகு அதே கருத்து அறிவார்ந்த வடிவமைப்பு என்ற பெயரில் பென்சில்வேனியாவின் டோவர் நகருக்கு வந்தது. அங்கே பரிந்துரைக்கப்பட்ட நூலின் பழைய கைப்பிரதிகளை நீதிமன்றத்தில் ஒப்பிட்டார்கள். 1987 தீர்ப்புக்குப் பின் படைப்பு என்றிருந்த இடங்களில் வடிவமைப்பு என்று மாற்றியிருந்தது அம்பலமானது. 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் அது அறிவியல் அல்ல என்று தீர்ப்பளித்தார்.

இந்தியாவில் இப்படியொரு வழக்கு நடந்ததில்லை, மழுப்பல் நடந்தது. பெருந்தொற்றுக் காலப் பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்சிஇஆர்டி தன் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் மரபுவழியும் பரிணாமமும் பற்றிய அத்தியாயத்தை வெறும் மரபுவழியாகச் சுருக்கியது. 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு நூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனி அலகாகவே இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் இருக்கிறதே என்பது நீக்கியவர்களின் பதில். பத்தாம் வகுப்புக்குப் பின் வணிகவியலோ கணினியோ எடுக்கும் மாணவருக்கு அந்தப் பதிலால் பயனில்லை. பெருந்தொற்றைக் கொண்டுவந்த வைரஸ் ஆல்ஃபா, டெல்டா, ஒமிக்ரான் என்று உருமாறியதும், மருந்துக்கு அடங்காத காசநோய்க் கிருமிகள் பெருகுவதும் பரிணாமத்தால்தான். நாளை மருத்துவரிடம் போகவும் வாக்களிக்கவும் போகிற எல்லாப் பிள்ளைகளும் கடைசியாக ஒன்றாக அமர்ந்து அறிவியல் படிக்கும் வகுப்பு பத்தாம் வகுப்பு. நீக்கிய பக்கங்களை அங்கேதான் திரும்ப அச்சிட வேண்டும்.