ஓடித் தேய்ந்த இரும்பு

அஞ்செட்டியில் பஸ் ஏறி தேன்கனிக்கோட்டை தாண்டினால் ஓசூர். பி.எம்.டபிள்யூ.வும் டி.வி.எஸ்.ஸும் 2013-ல் கைகோத்தபின் ஜி 310 ஆர் பைக் உருவானது இங்கேதான். 313 சிசி, 34 குதிரைத்திறன். ஸ்பானர் பிடித்த எந்தப் பையனுக்கும் அடுத்து வரும் ஆசை: 'இதுல ஒரு டர்போ மாட்டினா என்ன?'

பொறுங்க தம்பி! அதே பி.எம்.டபிள்யூ. என்ன செய்தது என்று கேளுங்கள்.

1960-களின் தொடக்கத்தில் 80 குதிரைத்திறன் கொடுத்த சாதா கார் இன்ஜின் அது. அந்த இரும்பு பிளாக்கை எடுத்து, 1.5 லிட்டராக்கி, டர்போ மாட்டினார் பால் ரோஷே. 1983-ல் நெல்சன் பிக்கே அதில்தான் ஃபார்முலா ஒன் சாம்பியன். டர்போவுக்குக் கிடைத்த முதல் ஓட்டுநர் பட்டம்! பிறகு தகுதிச் சுற்றுகளில் சக்தி ஆயிரத்தைத் தாண்டியது. ஆச்சரியம், ரோஷே தேடியது புது பிளாக் அல்ல. ஓடித் தேய்ந்த பழசு. சூடாகி, ஆறி, சூடாகி... வார்ப்பில் ஒளிந்திருந்த இறுக்கமெல்லாம் தளர்ந்திருக்குமாம். மெக்கானிக்குகள் அதன்மேல் சிறுநீர் கழித்தார்கள் என்றொரு கதையும் உண்டு. நம்புவது உங்கள் இஷ்டம்.

ஆனால் பிஸ்டன் பழசு உதவாது. டர்போ அழுத்தத்தில் வார்ப்பு பிஸ்டன் ரிங் பள்ளத்தில் உடையும். அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு பிஸ்டன் தாங்கும். அது சூட்டில் அதிகம் விரியும் என்பதால் போரில் இடைவெளி கூடுதலாக விடணும். காலையில் ஸ்டார்ட் செய்தால் 'டக டக' சத்தம் வரத்தான் செய்யும். சத்தத்துக்குப் பயந்து இடைவெளியைக் குறைத்தால், சூடேறியதும் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும்.

கடைசியாக கனெக்டிங் ராடு போல்ட். எல்லைமீறி இழுபட்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பாது. அது அறுந்தால் ராடு பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.