ஃபார்மட் அடித்த பிறகும்

ஹார்ட் டிஸ்க்கை முதன்முதலில் ஃபார்மட் செய்வது கடைக்காரரும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. தொழிற்சாலைதான். திருச்சிப் பக்கம் சிற்றூர் ஒன்றில் என் நண்பர் ஜெராக்ஸ், டிடிபி கடை நடத்துகிறார். அவர் கடையில் பல ஆண்டு ஓடிய 160 ஜிபி டிஸ்க்கின் லேபிளில் தாய்லாந்து என்று போட்டிருக்கும். தட்டுகளில் வட்டத் தடங்கள் வகுத்து, ஹெட் வழி தவறாமல் போக இடையிடையே காந்தக் குறிகள் பதித்து அனுப்பியது அந்தத் தொழிற்சாலை. தடத்தின் சிறு துண்டான செக்டர் ஒன்றுக்கு 512 பைட். மொத்தம் 31 கோடியே 25 லட்சம் செக்டருக்கு மேல். சோதனையில் தேறாத செக்டர்களின் பட்டியலையும் அங்கேயே எழுதி டிஸ்க்குக்குள் வைத்துவிடுவார்கள். இந்த அடிப்படைக் கோடுகளை வெளியில் யாராலும் மறுபடி வரைய முடியாது. நாம் ஃபார்மட் என்று சொல்வதெல்லாம் இவற்றுக்கு மேலே நடக்கிற வேலை.

(2011 அக்டோபரில் தாய்லாந்தின் அயுத்தயா வட்டாரத்துத் தொழிற்சாலைகள் வெள்ளத்தில் மூழ்கியபோது உலகம் முழுக்க டிஸ்க் விலை எகிறியது. அந்த ஊரை அவ்வளவு நம்பியிருந்தது இந்தத் தொழில்.)

நண்பரின் டிஸ்க் 2007இல் சென்னை ரிச்சி தெருவுக்கு வந்தது. அசெம்பிள் செய்த சிஸ்டத்தில் மாட்டி, கடையிலேயே சி, டி, இ என்று மூன்றாகப் பிரித்து, சி-யில் விண்டோஸ் எக்ஸ்பி ஏற்றிக் கொடுத்தார்கள். 160 ஜிபி என்று வாங்கியது திரையில் 149 என்று காட்டியதைப் பார்த்து நண்பர் சண்டைக்குப் போனார். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். ஏ-யும் பி-யும் எங்கே என்று கேட்பவர்களுக்கு: 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் அந்த இரண்டு எழுத்தும் ஃபிளாப்பிகளுக்குப் போய்விட்டன. 1983இல் பிசி எக்ஸ்டியோடு வந்த 10 எம்பி டிஸ்க்குக்கு மிச்சமிருந்தது சி.

நண்பர் கடையில் நடந்த முதல் ஃபார்மட்டுக்குக் காரணம் பென்டிரைவ். ஜெராக்ஸ் கடைக்கு ஊரே பென்டிரைவ் கொண்டுவரும். அப்போது பரவிய 'நியூ ஃபோல்டர்' வைரஸ், மஞ்சள் ஃபோல்டர் படத்தை மாட்டிக்கொண்ட ஒரு புரோகிராம். திறந்து பார்க்கலாம் என்று தட்டினால் அதுவே ஓட ஆரம்பித்துவிடும். மெக்கானிக் தம்பி வந்தார்.

“அண்ணே, டேட்டா ஏதாவது வேணுமா, இல்ல மொத்தமா ஃபார்மட் அடிச்சிரவா?”

“சி-யை மட்டும் அடிப்பா. டி-யில கஸ்டமர் வேலை இருக்கு.”

எக்ஸ்பி போட்டவர்களுக்கு அடுத்தது மனப்பாடம். சிடியிலிருந்து பூட் ஆனதும் நீலத் திரை. உரிமத்தை ஏற்க எஃப்8. சி பார்ட்டிஷனை நீக்க டி, என்டர், உறுதிப்படுத்த எல். மறுபடி உருவாக்க சி. பிறகு என்டிஎஃப்எஸ், குயிக். கோப்புகள் நகலாகி, ரீஸ்டார்ட் ஆகி, '39 நிமிடங்கள்' என்று பாக்கி காட்டும். அது நம் கடிகாரத்து நிமிடம் இல்லை. இடையில் 25 எழுத்துச் சாவியைக் கேட்டு நிற்கும். டீ குடிக்கப் போனவர் திரும்பி வரும்வரை அப்படியே நிற்கும். அப்புறம் மதர்போர்டு சிடியைத் தேடி சவுண்டு, லேன் டிரைவர் போட வேண்டும். லேன் டிரைவர் இல்லாவிட்டால் நெட் வராது. அந்த டிரைவரை இறக்குவதற்கோ நெட் வேண்டும். எல்லாம் முடிந்ததும் நண்பரின் கணினி புதுச் சிஸ்டம் மாதிரி ஓடியது. நண்பர் டி டிரைவை டபுள் கிளிக் செய்தார். வைரஸ் திரும்பி வந்துவிட்டது.

டி-யில் உட்கார்ந்திருந்த ஆட்டோரன் கோப்பு செய்த வேலை அது. டிரைவைத் தட்டினால் எதை ஓட்ட வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லுகிற சின்ன உரைக்கோப்பு. டி-யை வைரஸ் ஸ்கேன் செய்கிறவரை தொடக்கூடாது, தொட்டாலும் டபுள் கிளிக் கூடாது என்பது அந்தக் கால மெக்கானிக்குகளின் பாலபாடம். தம்பி இரண்டாம் முறை வந்தபோதுதான் அதைச் சொன்னார்.

ஆனால் நண்பருக்குப் பெரிய அடி வேறு இடத்தில் விழுந்தது. டி-யில் இருந்த கல்யாணப் பத்திரிகைகள் ஒன்றும் குறையாமல் இருந்தன. திறந்தால் தமிழைக் காணோம். 'அம்மா' இருந்த இடத்தில் எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச். அவர் தட்டச்சு செய்தது பாமினி எழுத்துருவில். பாமினிக்கு 'அ' என்பது ஆங்கில எம். மெய்யின் புள்ளி என்பது அரைப்புள்ளி. கோப்பில் என்றைக்குமே தமிழ் இருந்ததில்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுத்த எழுத்துரு சி டிரைவின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருந்தது. ஃபார்மட்டில் அது போய்விட்டது. எழுத்துருவைக் கேட்டு வாங்கிப் போட்டதும் மாப்பிள்ளையும் பெண்ணும் மீண்டும் தமிழுக்கு வந்தார்கள். யூனிகோடிலும் அப்போது முழு நிம்மதி இல்லை. எக்ஸ்பியை ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் மொழி அமைப்பில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியை டிக் செய்து மறுபடி சிடியைப் போட வேண்டும். மறந்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். எக்ஸ்பிக்கு அடுத்த விண்டோஸ் விஸ்டா வந்துதான் இந்தத் தொல்லை ஒழிந்தது.

2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. நண்பர் இந்த முறை மூன்று பார்ட்டிஷன்களையும் அழித்து, விண்டோஸ் 7 ஏற்றினார். சில ஆண்டுக்குப் பின் அந்த டிஸ்க்குக்குப் பதிலாகக் கடைக்கு எஸ்எஸ்டி வந்தது. பழைய டிஸ்க்கை வெளிப்பெட்டியில் மாட்டி, ரைட் கிளிக் செய்து, ஒரு குயிக் ஃபார்மட். பத்து விநாடி. பழைய இரும்புக்காரருக்குப் போட எடுத்து வைத்துவிட்டார்.

அதைத்தான் நான் கேட்டு வாங்கினேன். குயிக் ஃபார்மட் செய்வது இவ்வளவே: பூட் செக்டரைப் புதிதாக எழுதுகிறது, கோப்புகளின் பெயரும் இடமும் பதிந்திருக்கும் அட்டவணையைப் புதிதாகத் தொடங்குகிறது, எல்லா இடமும் காலி என்று குறித்து வைக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயரை நீக்கினால் ஆள் வீட்டைக் காலி செய்துவிடுவாரா? அப்படித்தான் தரவும். அதே இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை அங்கேயே குடியிருக்கும்.

நண்பரை அருகில் வைத்துக்கொண்டு ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். அது அட்டவணையைத் தேடுவதே இல்லை. ஒவ்வொரு செக்டராகப் படித்து, ஜேபெக் படம் எப்படித் தொடங்கும், பிடிஎஃப் எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துப் பிடிக்கிறது. பெயர்கள் போயிருந்தன, எண்கள்தான் வந்தன. கோப்புகள் வந்தன. ஜாதிச் சான்றிதழ், குடும்ப அட்டையின் இரு பக்கம், யாரோ ஒருவரின் வங்கிப் புத்தகம், பாஸ்போர்ட் அளவுப் படங்கள். சிலவற்றில் நெற்றியும் கண்ணும் தெளிவாக இருந்தன, மூக்குக்குக் கீழே சாம்பல் நிறம். மீதி இடத்தில் வேறு எதுவோ எழுதப்பட்டுவிட்டது. பென்டிரைவில் கொண்டுவந்து, பிரிண்ட் எடுத்து, 'அழிச்சிருங்க அண்ணே' என்று சொல்லிவிட்டுப் போனவர்களுடையவை. நண்பரும் அழித்தவர்தான்.

இது ஒரு கடையின் கதை இல்லை. அமெரிக்காவின் எம்ஐடியில் சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்ற இரு மாணவர்கள் 158 பழைய டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிச் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129இல் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12. ஒரு டிஸ்க் ஏடிஎம் இயந்திரத்திலிருந்து வந்திருந்தது.

எக்ஸ்பி காலத்தில் குயிக் இல்லாமல் முழு ஃபார்மட் போட்டு மணிக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. அத்தனை நேரம் எடுக்கிறதே, சுத்தமாக அழிந்திருக்கும் என்று நம்பினார்கள். அந்த முழு ஃபார்மட் பழுதான செக்டர் உண்டா என்று படித்துப் பார்த்ததே தவிர எதையும் அழிக்கவில்லை. விஸ்டாவிலிருந்துதான் முழு ஃபார்மட் எல்லா இடத்திலும் பூஜ்யத்தை எழுதுகிறது. ஏழு முறை அழிக்க வேண்டும் என்பதெல்லாம் பழைய பயம். இன்றைய காந்த டிஸ்க்குக்கு ஒரு முறை எழுதினாலே போதும். எஸ்எஸ்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது நமக்குக் காட்டாத நினைவகச் செல்களைத் தனியாக வைத்திருக்கும். தயாரிப்பாளர் தரும் செக்யூர் எரேஸ் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

நண்பரின் டிஸ்க்குக்கு குயிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் போட்டோம். மதியச் சாப்பாடு முடிந்தும் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி ஃபோட்டோரெக் ஓட்டினோம், ஒன்றும் வரவில்லை. ஜெராக்ஸ் கடை, ஸ்டுடியோ, பிரவுசிங் சென்டர் நடத்துகிறவர்களே, பழைய டிஸ்க்கைக் காயலான் கடைக்குப் போடுமுன் அந்த டிக்கை எடுத்துவிட்டு ஒரு மதியப் பொழுதை ஒதுக்குங்கள். அதில் இருப்பது உங்கள் சான்றிதழ்கள் மட்டும் அல்ல.