நடுங்கும் கரமும் நாடும் மனமும்

கலாம் என்னும் இறையியற் கலையைக் கற்றோர் யாவரும் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. மனிதன் தன் செயலில் விருப்பமுடையவனா, அன்றி வெறும் கருவிதானா என்னும் வழக்கு எழும்போது, நம் இமாம்கள் இரண்டு கைகளை முன்னே நிறுத்துவார்கள். ஒன்று, ஒரு பொருளைப் பற்றுவதற்காக நீளும் கை. மற்றொன்று, நடுக்க நோயால் தானே ஆடும் கை. இரண்டும் அசைகின்றன. ஆயினும் முன்னது விருப்பத்தால் நிகழ்வது, பின்னது விருப்பமின்றி நிகழ்வது என்பதைச் சிறு பிள்ளையும் உணரும். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் தஃப்தாஸானீ அவர்கள், நஸஃபீயின் ‘அகாயித்’ நூலுக்கு வரைந்த விரிவுரையிலும் இவ்வெடுத்துக்காட்டு இடம்பெற்றுள்ளது. மத்ரஸாக்கள் பலவற்றில் இன்றும் ஓதப்பெறும் நூல் அது.

நடுங்கும் கையை மார்க்க அறிஞர்கள் இவ்வாறு குற்றத்திலிருந்து விடுவித்தார்கள். அந்த நடுக்கம் எங்கிருந்து புறப்படுகிறது என்று தேடுவது மருத்துவர்களின் பணியாயிற்று. அத்தேடலின் வரலாறு நெடியது. அதன் முடிவில் நமக்குக் கிடைத்திருப்பதோ, நம் இல்லங்களில் முதியோரை நாம் நடத்தும் முறையையே மாற்றவேண்டிய ஓர் உண்மையாகும்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலன் (நம் நூல்களில் ஜாலீனூஸ்) நடுக்கத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் முதலியோரின் மொழிபெயர்ப்புகளால் காலனின் மருத்துவம் அறபுலகத்தின் உடைமையாயிற்று. பின்னர் வந்த இப்னு ஸீனா (980-1037) தம் ‘கானூன்’ நூலின் மூன்றாம் பாகத்தில், பக்கவாதம், முகவாதம், இசிவு ஆகியவற்றுடன் ‘ரஃஷா’ எனப்படும் நடுக்கத்தையும் வைத்து ஆராய்ந்தார். உறுப்பை உயர்த்திப் பிடிக்க முயலும் இயக்கு சக்தி நலிந்துபோகிறது. உறுப்பின் எடையோ கீழே இழுக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே நிகழும் போராட்டமே நடுக்கம் என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். கருவியின்றி, கண்ணும் கருத்தும் கொண்டு மட்டும் கண்டறிந்த அவ்விளக்கத்தின் கூர்மையை வியக்காமலிருக்க இயலாது.

எனினும், அக்கால மருத்துவர் மூளையை நோக்கியபோது அதன் உட்குழிகளையே பெரிதாக எண்ணினர். உணர்வும் நினைவும் இயக்கமும் அக்குழிகளில் நிறைந்த நுண்ணிய ஆவியால் நடைபெறுவதாகக் கருதினர். குழிகளைச் சூழ்ந்து, மூளையின் ஆழத்தில் புதைந்துகிடக்கும் நரம்புத் திரள்களை எவரும் பொருட்படுத்தவில்லை. 1543இல் வெஸாலியஸ் வெளியிட்ட உடற்கூற்று நூலின் படங்களில் அவை தோன்றின. ஆனால் அவற்றின் பணி என்னவென்று விளங்கவில்லை. 1664இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் அவற்றுள் ஒன்றை அறுத்துப் பார்த்து, அதில் ஓடும் வரிகளைக் கண்டு ‘வரித்திரள்’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். நெடுநாள் வாதத்தால் இறந்தோரின் உடல்களில் அத்திரள் கெட்டிருந்ததையும் அவர் குறித்துவைத்தார். திறவுகோல் கிடைத்துவிட்டது, பூட்டு எதுவென்று தெரிய மேலும் 250 ஆண்டுகள் தேவைப்பட்டன.

1817இல் இலண்டன் நகர மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதத்தைப் பற்றிச் சிறு நூலொன்றை வெளியிட்டார். அதில் அவர் விவரித்தவர் அறுவர் மட்டுமே. அவர்களுள்ளும் சிலர் தெருவில் காணப்பெற்றவர்கள். ஓய்ந்திருக்கும்போது நடுங்கும் கை, முன்புறம் வளைந்த உடல், தன்னையறியாமல் ஓட்டமாக மாறும் நடை ஆகியவற்றை அவர் துல்லியமாக வரைந்தார். பின்னர் பாரிஸ் நகரின் ஷார்கோ, இந்நோய்க்குப் பார்க்கின்சன் பெயரையே சூட்டினார். அத்துடன் அவர் கண்ட நுட்பம் ஒன்று நம் கவனத்துக்குரியது. இந்நோயாளிகளில் சிலர் நடுங்குவதே இல்லை. ஆனால் அசைவு தாமதிக்கிறது. அந்தத் தாமதம் தசையின் பலவீனத்தால் வருவதன்று. வலிமை இருக்கிறது, விருப்பமும் இருக்கிறது, இருந்தும் கை எழவில்லை!

கலாம் நூலோர் காட்டிய இரண்டு கைகளோடு மூன்றாவது கை ஒன்று இங்கே வந்து சேர்வதைக் காண்கிறோம். விரும்பாமல் அசையும் கையை நாம் அறிவோம். விரும்பியும் அசையாத கை அது.

1919இல் திரெத்தியாக்கோவ் என்பார் பாரிஸில் அளித்த ஆய்வேட்டில், நடுக்குவாதத்தால் இறந்தோரின் நடுமூளையிலுள்ள ‘கரும்பொருள்’ என்னும் பகுதி சிதைந்திருப்பதைக் காட்டினார். இயல்பாகக் கறுத்திருக்கும் அப்பகுதி, இந்நோயாளிகளிடம் வெளிறிப்போயிருந்தது. ஆனால் அது எதைச் சுரந்து, எதை இயக்கிற்று?

விடையின் ஒரு நுனி நம் நாட்டு மூலிகை ஒன்றில் இருந்தது. சர்ப்பகந்தா என்னும் செடியின் வேரை நம் வைத்தியர்களும் யூனானி ஹகீம்களும் நெடுங்காலம் கையாண்டு வந்தனர். அதனை அறிவியல் முறையில் ஆராய்ந்த ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கீ, 1931இல் அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, ஹகீம் அஜ்மல் கான் அவர்களின் நினைவாக ‘அஜ்மலின்’ எனப் பெயரிட்டார். அதே வேரிலிருந்து 1952இல் சுவிட்சர்லாந்தில் ‘ரெஸர்பின்’ என்னும் மற்றொரு பொருள் பிரிக்கப்பட்டது. 1957இல் சுவீடன் நாட்டு அர்வித் கார்ல்சன் ரெஸர்பினை விலங்குகளுக்குச் செலுத்த, அவை அசைவற்றுக் கிடந்தன. பின்னர் லெவோடோபாவை அளிக்க, அவை எழுந்து நடமாடின. லெவோடோபா மூளைக்குள் சென்று டோபமைனாக மாறும் பொருளாகும். மூளையில் டோபமைன் குன்றினால் அசைவு குன்றுமென்பது இவ்வாறு புலனாயிற்று. இப்பணிக்காகக் கார்ல்சன் 2000ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்குபெற்றார்.

1960இல் வியன்னாவில் எரிங்கர், ஹோர்னிகேவிச் இருவரும் நடுக்குவாத நோயாளிகளின் வரித்திரளில் டோபமைன் பெரிதும் குறைந்திருப்பதை அளந்து காட்டினர். கரும்பொருளே வரித்திரளுக்கு டோபமைனை வழங்கும் ஊற்று. ஊற்று வற்றினால் வயல் காயும். மறு ஆண்டே அங்கு லெவோடோபா நோயாளிகளுக்குச் செலுத்தப்பட்டது. 1967இல் அமெரிக்காவில் கோட்ஸியாஸ், அளவைச் சிறிது சிறிதாக உயர்த்தி வாய்வழியே கொடுத்து, நிலைத்த பயன் கண்டார்.

அம்மருந்துப் பொருள் புதியதுமன்று. 1913இல் குக்கன்ஹைம் என்பார் அதனை அறபு நாட்டார் ‘ஃபூல்’ என்று சமைத்துண்ணும் அவரையினத்திலிருந்து பிரித்தெடுத்திருந்தார். 1937இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், இராமசாமி இருவரும் பூனைக்காலி விதையிலிருந்தும் அதனைப் பிரித்தெடுத்தனர். இதைப் படித்துவிட்டு எவரும் விதையை அரைத்துக் குடிக்கத் தொடங்கிவிடலாகாது. அளவறியாத மருந்து நஞ்சுக்கு ஒப்பாகும்.

இன்று நாம் அறிந்துள்ளபடி, மூளையின் மேற்பட்டையில் ‘எழு’ என்னும் எண்ணம் பிறந்தவுடன் அது தசையை நோக்கி மட்டும் விரைவதில்லை. ஆழத்திலுள்ள திரள்களையும் சுற்றிவருகிறது. அங்கே ‘வெளிர்க்கோளம்’ என்னும் பகுதி, வாயிற்காவலனைப் போல் இடையறாது தடை விதித்துக்கொண்டிருக்கிறது. வேண்டிய அசைவுக்கு மட்டும் அத்தடையைத் தளர்த்தி, வேண்டாதவற்றுக்கு இறுக்கும் பணி வரித்திரளுடையது. டோபமைன் தளர்த்தும் வழியை ஊக்குகிறது. இறுக்கும் வழியை அடக்குகிறது. அது குறையும்போது தடை மிகுந்து, மனிதன் தன் உடலுக்குள்ளேயே சிறைப்படுகிறான். இதற்கு மறுதலையும் உண்டு. 1872இல் ஜார்ஜ் ஹண்டிங்டன் விவரித்த பரம்பரை நோயில் வரித்திரளே தேய்ந்துபோக, தடை தளர்ந்து, கைகால்கள் ஓயாது நெளிந்தாடும். ஒன்றில் அசைவு மறுக்கப்படுகிறது. மற்றொன்றில் கேளாமலே பொழிகிறது. இரண்டிலும் மனிதனுடைய விருப்பம் கேட்கப்படுவதில்லை.

மருந்து நோயை வேரறுப்பதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் பயன் ஏறியிறங்கும். வேண்டாத அசைவுகளும் தோன்றலாம். 1987இல் பிரான்சு நாட்டுக் கிரனோபிள் நகரில் பெனபித் என்பார், மூளையின் ஆழத்தில் மெல்லிய கம்பியைப் பதித்து, இடையறாத மின்துடிப்பால் நடுக்கத்தை அடக்கிக் காட்டினார். தக்கவர்களுக்கு அம்முறை இன்று பல நாடுகளில் கையாளப்படுகிறது.

இனி, நம் இல்லங்களுக்கு வருவோம். முகத்தின் தசைகள் இறுகிவிட்ட பெரியவரை ‘எப்போதும் கடுகடுப்பாக இருக்கிறார்’ என்கிறோம். ஓதும் குரல் தேய்ந்துவிட்டால் ‘மனம் ஒன்றவில்லை’ என்கிறோம். வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நிற்பவரே, தரையில் குறுக்குக் கோடுகள் தெரியுமிடத்தில் நன்றாக அடியெடுத்து வைப்பதைக் கண்டு ‘நடிக்கிறார்’ என்றும் கூறிவிடுகிறோம். அது நடிப்பன்று. தானே இயங்கும் வழி அடைபட்டபின், கண்வழிக் குறிப்பு வேறொரு வழியைத் திறந்துவிடுகிறது; இதனை மருத்துவர்கள் பயிற்சியாகவே கற்பிக்கிறார்கள். சிலரோ கண்ணேறு என்றும் செய்வினை என்றும் அலைந்து, மருந்துக்குரிய ஆண்டுகளை வீணாக்குகின்றனர். துஆ கேட்பது நம் கடமை. நோயைத் தந்தவன் மருந்தையும் படைத்திருக்கிறான் என்று நம்பித் தேடுவதும் அவ்வாறே கடமையாகும்.

இம்மருந்தை உரிய வேளையில் உட்கொள்ள வேண்டும். திடீரென நிறுத்துவது ஆபத்து. ஆகவே ரமளானில் நோன்பு நோற்பது பற்றி மருத்துவரையும் ஆலிமையும் முன்னரே கலந்துகொள்ளல் வேண்டும். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம் என்று சலுகை தந்த மார்க்கம் நம்முடையது. மார்க்கம் தந்த சலுகையை மகனும் மருமகளும் மறுக்கலாமா?

குத்துச்சண்டை உலகை ஆண்ட முஹம்மத் அலீ அவர்களுக்கு 1984இல் இந்நோய் இருப்பது வெளிப்பட்டது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் விழாவில், இடக்கை நடுங்க, வலக்கையில் தீப்பந்தம் ஏந்தி அவர் நின்றதை உலகம் கண்டது. அந்த நடுக்கத்தைக் கண்டு எவரும் அவரை மனவுறுதியற்றவர் என்று எண்ணவில்லை. 2016இல் மறையும்வரை அவர் பொதுவாழ்விலிருந்து ஒளிந்துகொள்ளவுமில்லை. நம் வீட்டு முதியவருக்கும் அந்த மதிப்பு உரியதே.

கை தாமதிக்கும்போது, எழவேண்டும் என்னும் நாட்டம் உள்ளே நின்றுகொண்டுதான் இருக்கிறது. பெரியவர் தேநீர்க் கோப்பையை எட்டுவதற்குச் சற்று நேரம் ஆகுமாயின், பறித்து ஊட்டாமல், பழித்தும் பேசாமல், அந்நேரத்தை அவருக்கு அளிப்போம். பொறுமையாளர்களின் கூட்டத்தில் நம்மையும், நோயுற்றோரின் நற்கூலியில் அவர்களையும் வல்ல இறைவன் சேர்த்தருள்வானாக.