எதெல் மெயிரெட்: கண்டிக் கிராமங்களிற் கற்று ஆங்கிலக் கிராமத்தில் நெய்தவர்

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியைப் பற்றி எம்மவர் நிறையவே எழுதியிருக்கின்றனர். 1877 ஓகஸ்ட் 22 ஆம் திகதி கொழும்பிற் பிறந்தவர். சேர் முத்துக் குமாரசுவாமியின் புதல்வர். புவிச்சரிதவியலாளராக இலங்கை வந்து கலை ஆராய்ச்சியாளராக மாறியவர். பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி 1947 இல் மறைந்தவர். இவை பலரும் அறிந்த செய்திகள். அவர் கலை ஆராய்ச்சிக்குத் திரும்பிய அந்த முக்கியமான ஆண்டுகளில் அவரோடு மாட்டுவண்டிப் பாதைகளிலும் மலைக்கிராமங்களிலும் அலைந்து, கமராவும் குறிப்பேடுமாக உழைத்த ஒரு பெண்ணைப் பற்றித் தமிழில் ஓரிரு வரிகளுக்கு மேல் காண்பது அரிது. "அவருடைய முதல் மனைவி ஓர் ஆங்கிலப் பெண்மணி" என்பதோடு நமது கட்டுரைகள் முடித்துக்கொள்கின்றன.

அந்த ஆங்கிலப் பெண்மணியே பிற்காலத்தில் எதெல் மெயிரெட் என்ற பெயரில் பிரித்தானியாவின் நவீன கைத்தறி நெசவுக்கு அடித்தளம் இட்டவர். அவருடைய கதையைத் தனியே சொல்ல வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கைக் கைவினைஞரிடம் கண்டு கற்ற ஒன்று அவர் வழியாக எங்கெங்கோ பயணம் செய்திருக்கிறது.

எதெல் மேரி பார்ட்றிட்ஜ் 1872 இல் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் உள்ள பார்ன்ஸ்டபிள் என்ற ஊரிற் பிறந்தார். தந்தை மருந்துக்கடை நடத்தியவர். எதெல் இசை பயின்றார். பியானோ கற்பிக்கும் தகைமை பெற்றார். லண்டனிலும் ஜேர்மனியின் பொன் நகரிலும் வீடுகளில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லும் ஆசிரியையாக வேலை பார்த்தார். அவருடைய சகோதரர் பிரெட் பார்ட்றிட்ஜ் நகை செய்யும் கலைஞர், சி. ஆர். அஷ்பீ நிறுவிய கைவினைக் குழுமத்தில் இணைந்து பணியாற்றியவர். ஜோன் ரஸ்கின், வில்லியம் மொறிஸ் ஆகியோரின் சிந்தனைகள் அந்தக் குடும்பத்துக்குள் நுழைந்த வழி அதுதான். இயந்திரம் மனிதனின் கையிலிருந்து வேலையை மட்டுமன்றி, வேலையில் உள்ள மகிழ்ச்சியையும் பறித்துவிட்டது என்பது அவர்களது வாதம்.

1902 இல் எதெல் ஆனந்த குமாரசுவாமியை மணந்தார். அடுத்த ஆண்டில் இருவரும் இலங்கை வந்தனர். கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் பணிப்பாளராகக் குமாரசுவாமி பொறுப்பேற்றார். கற்களையும் கனிமங்களையும் தேடித் தீவு முழுவதும் சுற்ற வேண்டிய வேலை அது. தோரியனைற்று என்ற கனிமத்தை அவர் அடையாளங் கண்டது இந்தக் காலத்திலேயே. சென்ற இடமெல்லாம் கற்களோடு வேறொன்றும் அவர்கள் கண்ணிற் பட்டது. அழிந்துகொண்டிருந்த கைத்தொழில்களே அவை.

1815 இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. அரசன் இருந்தவரையில் கைவினைஞருக்கு நிலமானியம் இருந்தது. செய்யும் தொழிலுக்கு ஈடாக வயல் கிடைத்தது. அரண்மனைக்கும் விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் வேண்டியவற்றை அவர்கள் செய்து கொடுத்தனர். அந்த ஒழுங்கு குலைந்தபின் பொற்கொல்லருக்கும் ஓவியருக்கும் நெசவாளருக்கும் ஆதரவாளர் இல்லாமற் போயினர். அதேவேளை மான்செஸ்டர் ஆலைத்துணி மலிவு விலையிற் சந்தைக்கு வந்தது. உடதும்பறைப் பகுதியின் தலகுனே போன்ற சில கிராமங்களில் மட்டுமே பருத்தி நெசவு உயிரோடு எஞ்சியிருந்தது. "கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம்" எழுதி, விகாரைகளின் பழைய கட்டடங்களையும் ஓவியங்களையும் காக்குமாறு 1905 இற் குமாரசுவாமி வேண்டிக்கொண்டது இந்தப் பின்னணியிலேதான்.

இந்தத் தேடலில் எதெல் வெறும் துணையாக இருந்தவர் அல்லர். கைவினைஞர் வேலை செய்யும் முறைகளையும் அவர்கள் செய்த பொருட்களையும் ஒளிப்படம் எடுத்தார். நாட்குறிப்பு எழுதினார். பழைய சிங்களப் பூத்தையல் வேலைப்பாடுகளைச் சேகரித்து, தையல் முறைகளை ஆராய்ந்து கட்டுரையும் எழுதினார். குமாரசுவாமியின் பெருநூலான "மத்தியகாலச் சிங்களக் கலை"யில் உள்ள ஒளிப்படங்களிற் பல எதெல் எடுத்தவை.

அந்த நூல் உருவான விதமே ஒரு கைவினை வரலாறு. 1907 இல் இங்கிலாந்து திரும்பிய தம்பதியர், புரோட் கம்டன் என்ற சிற்றூரில் நோர்மன் காலத்துத் தேவாலயம் ஒன்றை அஷ்பீ திருத்தி அமைத்துக் கொடுத்த வீட்டிற் குடியேறினர். வில்லியம் மொறிஸ் தமது கெல்ம்ஸ்கொட் அச்சகத்திற் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்திலேயே நூல் அச்சானது. 1907 செப்டெம்பர் முதல் 1908 டிசெம்பர் வரை பதினைந்து மாதங்கள். மொத்தம் 425 பிரதிகள். இலங்கைக் கைவினைஞரின் தொழில்முறைகளையும் சமூக நிலையையும் விரிவாகப் பதிவுசெய்த அந்த முதல் பெருநூலின் முகப்பிலே ஆசிரியராகக் குமாரசுவாமியின் பெயர் ஒன்றே நின்றது.

பின்னர் மண வாழ்க்கை முறிந்தது. குமாரசுவாமியின் வாழ்க்கை இந்தியக் கலை, தத்துவம், பொஸ்டன் என வேறு திசையிற் சென்றது. எதெலுக்கு அப்போது நாற்பது வயது. எழுத்தாளரின் மனைவி என்ற நிலை போய், தனித்து நின்று தொழில் செய்து வாழ வேண்டிய நிலை வந்தது. 1909 அளவிலேயே அவர் தறியில் நெய்யப் பழகத் தொடங்கியிருந்தார். இலங்கைக் கிராமங்களிற் கண்ணாற் கண்டதைத் தமது கையாற் செய்து பார்க்கும் முயற்சி அது. ஸ்ட்ராட்போர்ட் நகருக்கு அண்மையில் வீடும் பட்டறையும் அமைத்தார். 1913 இல், அஷ்பீயிடம் வரைவாளராகப் பணியாற்றிய பிலிப் மெயிரெட்டை மணந்தார்.

1914 இல் காந்தியடிகள் எதெலைச் சந்தித்து நெசவு பற்றிக் கேட்டறிந்தார் என்ற செய்தி அவரைப் பற்றிய பல குறிப்புகளில் இடம்பெறுகிறது. சிலர் இதை வைத்துக் கதர் இயக்கத்தின் ஊற்றையே அங்கு தேட முற்படுவர். அது மிகை. 1915 இல் இந்தியா திரும்பியபோதும் தாம் இராட்டையைக் கண்ணாற் கண்டதில்லை என்று காந்தியே தமது சுயசரிதையிற் சொல்லியிருக்கிறார். கைநெசவு ஒரு பொழுதுபோக்கன்று, வாழ்வாதாரம் என்ற எண்ணத்தில் இருவரும் ஒத்திருந்தனர் என்பதே நாம் கொள்ளத்தக்கது.

எதெல் முதலில் நாட்டை நிறுத்தியது சாயத்தில். 1856 இல் வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது இளைஞர் நிலக்கரித்தாரிலிருந்து ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். 1868 இற் செந்நிறம் தரும் அலிசரினும், 1897 இற் செயற்கை நீலமும் தொழிற்சாலைகளை நோக்கி வந்தன. ஒரு தலைமுறைக்குள் உலகின் சாயத்தொழில் தலைகீழாயிற்று. எமது வடபகுதிக்கு இது அந்நியமான கதையன்று. இம்பூறல் என்றும் பெயர் பெற்ற சாயவேரை மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கிண்டியெடுத்துத் துணிக்குச் செந்நிறம் ஊட்டினர்; ஒல்லாந்தர் அதனைத் தமது ஏகபோகமாகவே வைத்திருந்தனர். அந்த வேரின் செம்மைக்குக் காரணமும் அதே அலிசரின்தான். ஆய்வுகூடத்தில் அது மலிவாகக் கிடைத்தபின் மண்ணைக் கிண்டுவார் யார்? தும்பறைப் பாய் நெய்தவர்களிடம் பதங்கக் கட்டையிலிருந்து சிவப்பு எடுக்கும் அறிவு இருந்தது. எழுதி வைக்கப்படாத இத்தகைய அறிவு, அதை உடையவர் இறக்கும்போது சேர்ந்து இறந்துவிடும்.

1916 இல் எதெல் "தாவரச் சாயங்கள்" பற்றிய தமது நூலை வெளியிட்டார். கம்பளி, பட்டு, பருத்தி ஆகியவற்றை எவ்வாறு பக்குவப்படுத்துவது, எந்தக் காரத்தில் ஊறவைப்பது, வேர், பட்டை, இலை, கற்பாசி ஆகியவற்றிலிருந்து எந்த நிறம் கிடைக்கும் என்பவற்றைச் சமையற் குறிப்புப் போல் எளிமையாகச் சொன்ன நூல் அது. பல பதிப்புகள் கண்டது. தொழில் இரகசியம் என்று பூட்டிவைக்காமல் எல்லோர்க்கும் எடுத்துக் கொடுத்தார் என்பதே இதன் சிறப்பு.

முதலாம் உலகப்போரின் இறுதிக் காலத்தில் சசெக்ஸ் மாவட்டத்தின் டிச்லிங் கிராமத்துக்குச் சென்ற எதெல், அங்கு "கொஸ்பல்ஸ்" என்ற பட்டறை வீட்டை அமைத்தார். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதுவே அவருடைய உலகம். சிற்பி எரிக் கில் முதலிய கலைஞர் பலர் அக்காலத்தில் அந்தக் கிராமத்தில் வாழ்ந்தனர். ஊர்ப் பெண்களுக்கு நூற்கவும் நெய்யவும் கற்பித்து வேலையும் கொடுத்தார். வெளியூர்களிலிருந்து பயிலுநர் வந்து சேர்ந்தனர். 1921 இல் ஆங்கில மட்பாண்டக் கலைஞர் பேர்னார்ட் லீச்சும் ஜப்பானியக் கலைஞர் ஷோஜி ஹமாடாவும் அங்கு சென்றனர். நகரை விட்டு விலகிக் கிராமத்தில் இருந்தே உயர்ந்த கலைவாழ்வு வாழலாம் என்பதை ஹமாடா டிச்லிங்கிற் கண்டார். நாடு திரும்பிய அவர் மஷிக்கோ என்ற கிராமத்தைத் தெரிந்தெடுத்ததில் அந்த அனுபவத்துக்கும் பங்குண்டு.

செய்வது ஒருபுறம், விற்பது மறுபுறம். கைவினைஞர் பலர் தோற்றுப்போவது இரண்டாவதிலேதான். கையால் நூற்று, கையால் சாயமிட்டு, கையால் நெய்த துணி ஆலைத்துணியோடு விலையிற் போட்டியிட முடியாது. ஆகவே தரத்தினாலும் வடிவமைப்பினாலும் போட்டியிட வேண்டும் என்பதை எதெல் உணர்ந்திருந்தார். கண்காட்சிகள் நடத்தினார், 1928 இற் கணவரோடு சேர்ந்து லண்டனிற் கைவினைஞருக்கான காட்சிக்கூடம் ஒன்றைத் திறந்தார். கைவினை பற்றிய சிறு பிரசுரங்களும் அங்கிருந்து வெளிவந்தன. லீச் எழுதிய பிரசுரமும் அவற்றில் ஒன்று.

வயது ஏற ஏறப் பழமையில் இறுகிப்போவது மனித இயல்பு. எதெல் அதற்கு எதிர்த்திசையிற் சென்றார். கைநூலையும் தாவரச் சாயத்தையும் மட்டுமே போற்றித் தொடங்கிய அவர், 1930 களில் ஆலையில் நூற்ற நூலையும் ஏற்றுக்கொண்டார். ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்று அங்குள்ள நெசவைப் பார்த்தார். கைத்தறி இயந்திரத்துக்குப் பகையாக நிற்க வேண்டியதில்லை. புதிய துணிகளைச் சோதித்துப் பார்க்கும் களமாக இருந்து ஆலைக்கே வழிகாட்ட முடியும் என்பது அவரது முதிர்ந்த முடிவு. 1939 இல் வெளிவந்த "இன்றைய கைநெசவு" என்ற நூலில் இதனை விரிவாக எழுதினார். கைத்தொழில் வடிவமைப்புக்கான அரச வடிவமைப்பாளர் என்ற விருது 1937 இல் அவருக்கு வழங்கப்பட்டது. அதனைப் பெற்ற முதற் பெண் அவரே.

இதற்கு ஒரு சாட்சியைச் சொல்லலாம். எதெலிடம் பணியாற்றியவர்களுள் ஒருவர் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த மரியான் ஸ்ட்ராப். பின்னாளில் ஆலை நெசவுக்கான புகழ்பெற்ற வடிவமைப்பாளராக விளங்கிய அவர், லண்டன் பேருந்துகளுக்கும் சுரங்க ரயில்களுக்கும் நீலமும் பச்சையும் கலந்த ஆசனத் துணியை வடிவமைத்தார். 1970 களிலும் அதன் பின்னரும் லண்டன் சென்றிறங்கிய எம்மவர், குளிரில் ஒடுங்கியபடி வேலைக்குப் போகையில் அந்தத் துணியில் அமர்ந்து போயிருப்பர். தலகுனேத் தறியிலிருந்து லண்டன் ரயில் ஆசனம் வரை நேர்கோடு ஒன்றை இழுத்துவிட முடியாதுதான். ஆயினும் இடையில் நின்ற ஒரு பெண்ணின் கைகளுக்கு இரண்டையும் தெரியும்.

எதெல் 1952 நவம்பரில் மறைந்தார். அவரைப் பற்றிய முழுமையான வாழ்க்கை வரலாற்று நூல் 1983 இலேதான் ஆங்கிலத்தில் வந்தது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மரபுவழிக் கலைஞன் தன் பெயரைப் பொறிப்பதில்லை. அந்தப் பெயரின்மையே அவனது உயர்வு என்பது குமாரசுவாமியின் பிற்காலக் கருத்துகளில் முக்கியமானது. தத்துவமாக அது அழகானது. வரலாறாகப் பார்த்தால் அதில் ஒரு கசப்பு உண்டு. பெயரைத் துறக்க வேண்டுமானால் முதலிற் பெயர் இருக்க வேண்டும். எழுதியவரின் பெயர் உலகறிய நின்றது. படமெடுத்தவரின் பெயர் மங்கியது. பின்னர் தம் உழைப்பினால் அவர் அதை மீட்டுக்கொண்டார். ஆனால் அவர்கள் இருவருக்கும் தறியையும் சாயத்தையும் காட்டிக் கொடுத்த கிராமத்து மனிதருக்கு, படங்களில் உருவம் இருக்கிறது. பெயர் பெரும்பாலும் இல்லை. டிச்லிங்கில் நூல் நூற்ற ஊர்ப் பெண்கள் பலரின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

இன்றும் பனையோலைப் பெட்டியும் தும்பறைப் பாயும் கைத்தறிச் சேலையும் விற்பனைக்கு வருகின்றன. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் எம்மவர் ஆசையோடு வாங்கிச் செல்கின்றனர். கடையின் பெயர் பையில் இருக்கும்; விலை ஒட்டியிருக்கும். பின்னியவர் யார், எந்த ஊர், எந்த ஓலை, எந்தச் சாயம் என்பன மட்டும் இரா. வாங்குவோர் கேட்டால் விற்போர் எழுதுவர். கேட்டறிந்ததை நாமும் ஒரு வரி எழுதி வைக்கலாம். நூறாண்டு கழித்து ஒருவர் வந்து தேடும்போது, இம்முறையாவது படத்துக்குக் கீழே ஒரு பெயர் இருக்கட்டும்.