சிசிலியக் குற்றக் குழுக்களில் 'மானம்' என்னும் சொல்

1. இத்தாலிய மொழியின் 'ஒனோரே' என்னும் சொல்லைத் தமிழாக்குவோர் மானம், மதிப்பு, கௌரவம் ஆகியவற்றுள் ஒன்றைக் கொள்வர். மானம் ஒருவன் தன்னுள் காப்பது. மதிப்பு பிறர் தருவது. கௌரவம் குடிப்பிறப்பு, பதவி ஆகியவற்றைச் சார்ந்தது. சிசிலித் தீவின் மாஃபியா உறுப்பினர் தம்மை 'உவோமோ தொனோரே', அதாவது 'மானமுடைய மனிதன்', என்றே குறிப்பிடுவர். பழைய மாஃபியாவிடம் மானம் இருந்தது, புதியவரிடம் அது அழிந்தது என்னும் கூற்றும் பரவலாக வழங்குகிறது. இக்கூற்றினைச் சொல் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. பலேர்மோ நகரின் போர்கோ பகுதியில் 'மாஃபியா' என்பது அழகு, மிடுக்கு ஆகியவற்றைக் குறித்தது என நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் ஜூசெப்பே பித்ரே 1889இல் எழுதினார். பலேர்மோச் சிறைவாசிகளைப் பற்றி 1863இல் மேடையேறிய நாடகமொன்று அச்சொல்லைக் குற்றப்பொருளில் பரப்பியது. மௌனக் கட்டுப்பாட்டைக் குறிக்கும் 'ஒமெர்த்தா' என்னும் சொல்லுக்கு இரு வேர்கள் காட்டப்படுகின்றன. பித்ரே அதனை 'ஓமு' (ஆண்மகன்) என்னும் சிசிலியச் சொல்லின் வழிப்பட்டதாகக் கொண்டார். அதன்படி, நீதிமன்றத்தை நாடாது தன் வழக்கைத் தானே தீர்க்கும் ஆண்மை அதன் பொருளாகும். பிறர் அதனை 'உமில்தா' (பணிவு) என்பதன் திரிபென்பர். அதன்படி, தலைமைக்கு அடங்கி வாய்மூடியிருத்தல் பொருளாகும். முதற்கொள்கை மாஃபியாவை மக்களின் இயல்பாகக் காட்டும். இரண்டாவது, அதனைக் கட்டளையால் இயங்கும் அமைப்பாகக் காட்டும். மாஃபியா ஓர் அமைப்பன்று என்று பித்ரே வாதிட்டமை இங்கு நினைக்கத்தக்கது.

3. 1984இல் தொம்மாசோ புஷெத்தா என்னும் உறுப்பினர் நீதிபதி ஜொவான்னி ஃபால்கோனேயிடம் வாக்குமூலம் அளித்தார். 'மாஃபியா' எழுத்தாளர் படைத்த சொல் என்றும், உள்ளிருப்போர் 'கோசா நோஸ்த்ரா' (நம்முடைய பொருள்) என்றே கூறுவர் என்றும் அவர் விளக்கினார். ஓர் உறுப்பினரை மற்றோர் உறுப்பினருக்கு அறிமுகம் செய்ய, இருவரையும் அறிந்த மூன்றாம் உறுப்பினர் தேவை. எனவே 'மானமுடைய மனிதன்' என்பது பண்புத் தொடரன்று. சடங்கின்வழிப் பெறும் உறுப்புரிமைப் பெயர். 'பென்தீதோ' (மனந்திருந்தியவர்) என்னும் பெயரைப் புஷெத்தா ஏற்கவில்லை. கொர்லியோனே அணியினரே மரபைக் காட்டிக்கொடுத்தனர் என்பது அவர் வாதம். அவரோ அவ்வணியிடம் தோற்ற தரப்பினர். 1982இல் தம் மகன்கள் இருவரை இழந்தவர்.

பெண்டிரையும் சிறாரையும் பழையவர் தொட்டதில்லை என்பதும் சான்றோடு பொருந்தவில்லை. 1896இல் பலேர்மோவில் 17 வயதுப் பெண்ணொருத்தி மாஃபியாவினரால் சுட்டுக் கொல்லப்பட்டாள். சாட்சியம் அளித்த ஒருவரின் மகனான சிறுவன் 1993இல் கடத்தப்பட்டு 1996இல் கொல்லப்பட்டான். இடைப்பட்ட நூறாண்டில் மாறியது ஒழுக்கம் என்பதைவிட, அதனைப் பற்றிய பேச்சு எனலாம்.

4. சட்டமொழியின் மாற்றம் இதனினும் தெளிவானது. தன் குடும்பத்துப் பெண்ணின் தகாத உறவைக் கண்டு மானத்தின் பெயரால் கொல்வோர்க்குத் தண்டனையைக் குறைத்த 587ஆம் பிரிவு 1981 ஆகஸ்டில் நீக்கப்பட்டது. 1982 செப்டம்பரில் சேர்க்கப்பட்ட புதிய பிரிவு, மாஃபியாக் குழுவை வரையறுக்கையில் 'ஒமெர்த்தா' என்னும் சொல்லையே ஆண்டது. குற்றத்தைத் தணித்த மானம் சட்டத்திலிருந்து வெளியேறிய மறு ஆண்டிலேயே, மானத்தின் அடையாளமாகக் கருதப்பட்ட மௌனம் குற்றத்தின் கூறாக உள்ளே வந்தது.

5. ஆகவே, 'உவோமோ தொனோரே' என்பதை 'மானமுள்ளவன்' எனத் தமிழாக்கினால் குழுவின் தற்புகழ்ச்சியை நாமே வழிமொழிந்தவராவோம். வாக்குமூலங்களிலும் தீர்ப்புகளிலும் அத்தொடரை ஒலிபெயர்த்து, முதல் வருகையில் 'குழு உறுப்பினன்' என விளக்குவது தகும். நாடகத்திலும் புனைகதையிலும் பாத்திரம் தன்னைப் பற்றிக் கூறுமிடத்து மட்டும் 'மானம்' பொருந்தும். யார் வாயிலிருந்து வருகிறது என்பதே இச்சொல்லின் பொருளை உறுதிசெய்கிறது.